ரக்கியா மறித்த ரயில்

கிழக்கு மொராக்கோவில் எங்கள் ஊராட்சியின் ஆவணத்தில் ரக்கியா ‘தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்’. இங்குள்ள ரயில்வே குடியிருப்பில்தான் அவள் ஐந்து பிள்ளைகளைப் பெற்றாள், கணவனைப் புதைத்தாள். இதைவிட நிரந்தரமாக எப்படித் தங்குவதென்று ஊராட்சிக்கே வெளிச்சம்.

மாங்கனீசுச் சுரங்கம் ஓடிய நாளில், தாது ஏற்ற வரும் ரயில் எங்களுக்கு ஒரு தண்ணீர் வண்டியையும் இழுத்து வரும். சுரங்கத்தை மூடினார்கள், ரயிலோடு தண்ணீரும் நின்றது. குழாய் கேட்டால், தற்காலிகமானவர்களுக்குக் குழாய் கிடையாதாம். அவர்களுக்குத் தாகம் எடுக்காது போலும்.

பிறகு வெளிநாட்டாருக்குப் பாலைவனம் காட்ட அதே தண்டவாளத்தில் ரயில் விட்டார்கள். அவர்கள் குளிப்பதற்கென்று வாலில் ஒரு தண்ணீர் வண்டி. அது எங்கள் வறண்ட பானைகளைத் தாண்டி நிற்காமல் போனது. அடுத்த முறை ரக்கியா தண்டவாளத்தின் நடுவே நின்று சிவப்புக் கம்பளியைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்பைக் கண்டு ரயில் நின்றது.

ஓட்டுநர் இத்ரீஸ் இந்தக் குடியிருப்பில் பிறந்தவன். “ரக்கியா சித்தி, தள்ளிப் போ! உள்ள விருந்தாளிங்க இருக்காங்க!”

“இறங்கச் சொல்லுடா, டீ போட்டுத் தரேன். தண்ணிய மட்டும் நீ திற.”

“அது அவங்க குளிக்கிற தண்ணி. மேலிடத்து உத்தரவு வேணும்.”

“சுரங்க ரயில் ஓட்டின உங்கப்பன் எந்த உத்தரவக் கேட்டு எங்களுக்குத் தண்ணி இறக்கினான்? நான் குடுத்த கஞ்சியக் குடிச்சு வளந்த வாயாடா இது? கத்தாத, நான் தற்காலிகமாத்தான் நிக்கிறேன்.”

பயணிகள் ஆவலோடு படம் எடுத்தார்கள். இத்ரீஸ் தலைகுனிந்தபடி போய்த் தண்ணீரைத் திறந்தான்.

எல்லா வீட்டுப் பானைகளும் நிறையும்வரை ரக்கியா ரயிலை நகரவிடவில்லை.