ரப்பர் பாலில் ஒட்டிய இரண்டு பக்கம்

பிள்ளைகள் வாசிக்கிற கதையில் சூடு வைக்கலாமா கூடாதா என்று போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் பேசினோம். ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வாசிகசாலை தொடங்குகிறார்கள். நன்கொடையாக வந்த புத்தகங்களில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று பார்க்க ஐந்து பேரைப் போட்டார்கள். ஆசிரியை என்பதால் நானும் அதில் ஒருத்தி. ஒரு கதையில் சிற்றன்னை ஒரு பையனின் தொடையில் சூடு வைக்கிறாள். அந்த வரியை வெள்ளை மையால் அழித்துவிட்டு ‘கடிந்துகொண்டாள்’ என்று எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பிஞ்சு மனம் வாடிப்போய்விடும் என்றார் இன்னொருவர். இவர் ஏழு மணி நாடகத்தில் மருமகள் மாமியாருக்கு விஷம் வைப்பதைப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர். நானே கண்டிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு அலுப்பாக இருந்தது. வயது ஏற ஏற, சரியான பதில் தெரிந்திருப்பதே ஒரு சுமையாகிவிடுகிறது.

கடைசியில், அழிப்பதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தை ஒட்டிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கிற வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். எங்கள் லயத்தில் சூடு என்பது நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுகிற சொல். பொய் சொன்னால் வாயில் சூடு, சீனி திருடினால் கையில் சூடு, கேட்காமல் ஆற்றுக்குப் போனால் காலில் சூடு. யாரும் யாருக்கும் வைத்ததில்லை. மழை வரும் என்று சொல்வதைப்போலத்தான் அதையும் சொல்வார்கள். அம்மாவும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். எனக்கு ஏழு வயதாகும்போது வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாள். இரண்டு வருஷம் என்று போனவள் பதினான்காம் மாதமே திரும்பி வந்துவிட்டாள். வந்தபிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்கவேயில்லை. சீனி டப்பாவில் கைவிட்டு நான் கையும் களவுமாக அகப்பட்ட அன்றுகூட, “வச்சிரு புள்ள” என்று மட்டும் சொன்னாள். வெளிநாடு போய்வந்ததில் அம்மாவுக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

வெளிநாடு போன மற்றப் பெண்கள் வரும்போது வேனின் தலையில் பெட்டி கட்டி வரும். கம்பளி, டோர்ச், சவர்க்காரம் என்று லயம் முழுக்க ஒரு வாரம் புது வாசனை அடிக்கும். அம்மா ஒரு தோள்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேகாத வெயிலில் மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை போட்டிருந்தாள். இடது கையில் எண்ணெய் தெறித்துவிட்டதாக அப்பா எல்லாரிடமும் சொன்னார். எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாக விழும். ஒரு முனை கூராகவும் மறு முனை அகலமாகவும் முழங்கைக்குக் கீழே பதியாது. அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆனாலும் லயத்தில் எல்லாரும் எண்ணெய் என்றே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மா தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தாரே தவிர, எப்படி என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். அல்லது, கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அம்மா மூன்று வேளையும் அடுப்படியில்தான் நின்றாள். இஸ்திரிப்பெட்டியை மட்டும்தான் தொடவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டையை அப்பாதான் தேய்த்துக் கொடுப்பார். அதற்காக மற்ற ஆண்கள் அவரைக் கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது இஸ்திரிப்பெட்டி வைத்த சூடு என்பதை எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த பிறகு ஒருநாள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, அப்பா அரை வாக்கியத்தில் சொன்னார். அம்மா இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கேட்கலாம். கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வந்து ஐந்தாறு மாதமானபோது, பஜார்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த வாசிப்புப் போட்டியில் எனக்கு முதற்பரிசு கிடைத்தது. குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி, கண்ணை உருட்டி வாசிப்பதில் ஒன்பது வயதில் என்னை அடிக்க ஆளில்லை. பரிசு ஒரு கதைப் புத்தகம். கெட்டி அட்டை, உள்ளே வர்ணப் படம். என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அப்பா, திரும்பும் வழியில் பஸ்ஸில் அதை வாங்கி விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்ததும் கொண்டக்டர் சிங்களத்தில் இரண்டு தடவை கத்திய பிறகுதான் எழுந்தார். புத்தகத்தை என்னிடம் தராமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்.

அடுத்த நாள் பகல், பால் வாளியின் அடியில் மிஞ்சியிருந்ததை விரலில் தொட்டு, அந்த நடுப்பக்கம் இரண்டையும் ஓரம் பிடித்துத் தடவி, முகத்தோடு முகம் வைத்து அழுத்தினார். எங்கள் வீடுகளில் கோந்து வாங்குகிற பழக்கம் இல்லை. பட்டமானாலும் கிழிந்த பள்ளிக்கூடக் கொப்பியானாலும் ரப்பர் பால்தான். நான் பக்கத்தில் நின்று அழுதேன். பரிசுப் புத்தகத்தைப் பாழாக்குகிறார் என்று கோபம்.

“இது சின்னப் புள்ளைக வாசிக்கிற பக்கம் இல்ல,” என்றார். பிறகு, புத்தகம் காய்கிறவரைக்கும் மேலே அரிவாள்மணையைத் தூக்கி வைத்தார்.

என்னுடைய பிஞ்சு மனத்தைக் காப்பாற்றுகிறார் என்று நம்பினேன். சின்னப்பிள்ளை என்று சொன்னதுதான் வலித்தது.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து வராது. அந்தக் கையெழுத்தைத்தான் ஏஜென்சிக்காரன் நீட்டிய தாளிலும் போட்டாள். அதனால் பரிசுக் கதையை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, வாசற்படியில் காலை நீட்டி உட்காருகிற பின்னேரங்களில் வாசித்தேன். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், ஏழு மலை தாண்டி ஒரு சீமாட்டியின் மாளிகைக்கு வேலைக்குப் போகிறாள். அதற்கடுத்த பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. அதன்பின், அவள் காட்டில் ஒரு மானின் மடியில் படுத்திருக்கிறாள். வேட்டைக்கு வந்த ராஜா காண்கிறார். கல்யாணம். சுபம்.

அம்மா முதல் நாளே பிடித்துக்கொண்டாள். “வேலைக்குப் போன புள்ள எதுக்கு காட்டுல கெடக்கு?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். மறுநாளும் கேட்டாள். வீட்டுக்குப் போகிற வழி தெரியாமல் போயிருக்கும் என்று ஒரு காரணத்தை நானாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. முதற்பரிசு வாங்கியவளிடம் பதில் இல்லை என்பது எனக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, எல்லாரும் வீட்டில் கிடப்போம். அப்படி ஒரு நாள் அப்பா சாமான் வாங்க பஜாருக்கு இறங்கிப் போனார். அம்மா படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கொண்டை ஊசியை ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினேன். காய்ந்த பால் நூலாக இழுபட்டு வந்தது. விரலால் உருட்ட உருட்டச் சின்னப் பந்தாகிக் கழன்றது. ஐந்தாறு எழுத்து போனது, மற்றபடி சேதமில்லை. ஒரு தடவை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். அட, இதுதானா என்றிருந்தது. இதைவிடப் பெரியதெல்லாம் அடுத்த வீட்டுப் பெரியம்மா வாயாலேயே கேட்டிருக்கிறேன். இதற்குப் போய் அப்பா இவ்வளவு பயந்தாரா?

“அம்மா, நடுவுல என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அப்பா திரும்பி வந்து அன்று மாலையே கண்டுபிடித்தார். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிப்பார் என்று நினைத்தேன். புத்தகத்தை விரித்துப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வாங்கிவந்த அரிசிப் பையை அவிழ்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான்.

ஆனால் அவர் வருவதற்கு முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். போட்டி மேடையில் நின்றதுபோலவே நேராக நின்றுகொண்டேன். தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடுகிறது. சீமாட்டி கரண்டியைத் தணலில் போட்டுக் காய்ச்சுகிறாள். “பாலைப் பொங்கவிட்ட கை இதுதானே?” சீமாட்டிக்கு நான் கரகரத்த குரல் கொடுத்தேன். அந்தப் பெண் கெஞ்சுகிற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். ஒரு கையில் புத்தகம், மறு கையில் இல்லாத கரண்டி. அதை நீட்டி, இறக்கி, அலறலையும் நானே அலறிக் காட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அம்மாவின் விரல்கள் பலாக்கொட்டையில் அப்படியே நின்றிருந்தன.

“இன்னொருக்கா வாசி,” என்றாள்.

ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னும் நன்றாக வாசித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். மூன்றாம் தடவை நான் நடிக்கவில்லை, மூச்சு வாங்கியது. மழை சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அம்மா சட்டைக் கையின் மேலே தடவிக்கொண்டே கேட்டாள்.

“அந்த நேரம் வீட்டுல மேடம் மட்டுந்தான் இருந்தாளா?”

“மேடம் இல்லம்மா, சீமாட்டி,” என்று திருத்தினேன்.

“சரி, சீமாட்டி.”

“வேற ஆளுகளும் இருந்தாங்க. தலையைக் குனிஞ்சுகிட்டாங்கன்னு போட்டிருக்கு.”

அம்மா அதற்குத் தலையாட்டினாள், தெரிந்த சங்கதியைக் கேட்டதுபோல. “பெறகு அந்தப் புள்ள யாருகிட்டயாவது சொல்லிச்சா?” என்றாள்.

நான் பொறுப்பாகக் கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். மானிடம் சொல்லவில்லை. ராஜா கையைப் பிடித்துக் குதிரையில் ஏற்றுகிறார். படத்தில் கை வழவழவென்று இருக்கிறது. அவரிடமும் சொல்லவில்லை.

“இல்லம்மா. ராஜாகிட்டகூட சொல்லல.”

“யாராச்சும் கேட்டாங்களா?”

மறுபடியும் புரட்டினேன். “அதுவும் இல்ல.”

அம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்தது வெளிநாட்டிலிருந்து வந்தபிறகு அதுதான் முதல் தடவை. ஓடு சொட்டிக்கொண்டிருந்தது. இனிக் கேட்க வேண்டிய முறை என்னுடையது என்பது மட்டும் எனக்கு எப்படியோ புரிந்தது. அதனால் கேட்டேன்.

“நான் நல்லா வாசிச்சேனாம்மா?”

“நல்லா வாசிச்ச, புள்ள,” என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த கொட்டையை எடுத்தாள்.