மாமி காட்டிய கொழும்பு

சித்திரை மாதம் ஒருநாள், கனடாவிலிருந்து தம்பி இராசரத்தினம் எடுத்த வட்ஸ்அப் அழைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து ஜெகதீஸ்வரி போனை மேசையில் வைத்தார். அது முடியவில்லை. தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளவத்தை வீட்டை வித்தா என்ன? அம்மாவும் இல்லை. விலையும் நல்லா இருக்கு. பிள்ளையளுக்கும் கொழும்பு பிடிக்கேல்லை. இனி ஆர் போகப்போகினம்?"

அந்த வீட்டில்தான் ஜெகதீஸ்வரி இருந்தார். அவருக்கு வேறு வீடு இல்லை.

தம்பி சொன்ன காரணங்களை அவர் பலமுறை மனதில் புரட்டிப் பார்த்தார். செத்த அம்மாவை எழுப்ப முடியாது. விலையைக் குறைக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கொழும்பைப் பிடிக்கச் செய்யலாம். அதைத் தன்னால் செய்ய முடியும் என்று அவர் நம்பினார். நேராகத் தம்பியிடம் "என்னை எங்கை விடப்போறாய்?" என்று ஏன் கேட்கவில்லை என்று, பின்னாளில் அவரோடு பழகிய நான் கேட்டபோது, அப்படியொரு வழி இருந்ததே இப்போதுதான் தெரியும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த காலத்தில் அம்மா, தம்பி, அவர் மூவரும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். தம்பி அங்கிருந்துதான் கனடா போனார். அக்கா புறக்கோட்டையில் ஒரு சேலைக்கடையில் கணக்கெழுதி அம்மாவைப் பார்த்தார். பிறகு தம்பி வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் வீடு வாங்கினார். அம்மா படுக்கையில் விழுந்ததும் அக்கா கடை வேலையை விட்டார். கலியாணப் பேச்சு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. கொரோனா முடிந்த கையோடு அம்மா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஜெகதீஸ்வரி விடியற்காலையில் இடியப்பம் அவித்துப் பாமன்கடைப் பக்கம் இரண்டு கடைகளுக்குக் கொடுத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டார். அறுபத்தொரு வயது. வீடு தம்பியின் பெயரில். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

ஆடி, ஆவணியில் வெள்ளவத்தை வேறு ஊராகிவிடும். நகைக்கடையிலும் தோசைக்கடையிலும் கனடா, லண்டன், சுவிஸ் ஆட்கள். அவர்கள் அந்த இரண்டு மாதத்தையும் சமர் என்பார்கள். கொழும்பில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆடியில் கடல் மூர்க்கமாக இருக்கும், பின்னேரங்களில் மழை கொட்டும். ஆனாலும் அவர்கள் வந்துவிட்டால் அது சமர்தான்.

அந்த ஆடியில் தம்பி குடும்பத்தோடு வந்தார். மனைவி சுபோதினி, பதின்மூன்று வயது தாரிகா, எட்டு வயது மிதுஷன்.

வந்த மறுநாளே சுபோதினி சொன்னார்: "மச்சாள், பிள்ளையளைப் பின்னேரத்திலை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கை வருசம் முழுக்க அதுகளுக்குத்தான் செலவழிக்கிறம். இஞ்சை ஓசியிலை என்ன இருக்கோ அதைக் காட்டுங்கோ."

"ஓசியிலை எவ்வளவோ இருக்கு சுபோ!" என்றார் ஜெகதீஸ்வரி. அவருடைய முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

சுபோதினிக்கு வேறு தேவை இருந்தது. கொட்டாஞ்சேனைத் தரகர் ரெனால்ட் ஏற்கனவே தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "மிஸ், ஆள் இருக்கிற வீட்ட ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. வயசான பொம்பிளை ஒராள் ரூமுக்குள்ள இருந்தா, நாளைக்கு எழும்பமாட்டேன் எண்டு கோட்டுக்குப் போவா எண்டு பயப்படுவாங்க. காலி வீடாக் காட்டுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஜெகதீஸ்வரி பிள்ளைகளோடு படியிறங்கியதும் சுபோதினி வேலையைத் தொடங்குவார். மச்சாளின் சேலைகள், பிரஷர் மாத்திரைகள், அம்மாவின் படம், முருகன், பிள்ளையார் எல்லாம் ஒரு பழைய விரிப்பில் கட்டப்பட்டு, குசினிக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் கக்கூசுக்குள் போகும். கதவு பூட்டப்படும். வீடு பார்க்க வருபவர்கள் வந்து போவார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் பழையபடி. தம்பி இதற்கு உதவியதில்லை, தடுத்ததும் இல்லை. அந்த நேரங்களில் பல்கனியில் நின்று கடலைப் பார்ப்பார்.

ஒருநாள் முருகன் படத்தின் கண்ணாடியில் ஈரம் இருந்தது. சுபோ துப்புரவான பிள்ளை, துடைத்திருக்கிறாள் என்று நினைத்தார் ஜெகதீஸ்வரி.

முதல் வாரம் படுதோல்வி. விகாரமகாதேவி பூங்காவில் தாரிகா நிழலில் இருந்து போனைப் பார்த்தாள். சுதந்திர சதுக்கத்தில் மிதுஷன் "போரிங், போரிங்" என்று ஒவ்வொரு தூணாக உதைத்தான். பம்பலப்பிட்டிக் கடைத்தொகுதியில் ஏசிக் காற்று வாங்கக் கூட்டிப்போனபோது, நகரும் படியில் ஏறப் பயந்து ஜெகதீஸ்வரி மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தாரிகா படமெடுத்துச் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள்.

"மாமி, யூ ஆர் ஃபேமஸ்! பதினாறு பேர் சிரிச்சிருக்கினம்."

"நல்லதுதானே பிள்ளை," என்றார் மாமி. "சிரிக்கட்டும்."

"ஏன் மாமி எப்பவும் இந்தக் குடை? மழையும் இல்லை, வெயிலும் இல்லை."

"நாய் வந்தா வேணுமெடா."

மிதுஷன் முதன்முறையாகச் சிரித்தான்.

அடுத்த நாள் அவர் அவர்களை ஒழுங்கை முடிவில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கச் செய்து, கடலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலிருந்த கல்லில் இருத்தினார். மொறட்டுவைப் பக்கம் போகும் பின்னேர ரயில் வந்தது. வாசலெல்லாம் ஆட்கள் தொங்கினார்கள். மாமி எழுந்து குடையை ஆட்டினார். பெட்டி பெட்டியாக எல்லோரும் கை காட்டினார்கள். ஒருவன் பாடினான், ஒருவன் தொப்பியை ஆட்டினான். மிதுஷன் துள்ளினான்.

"அவையை உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"ஒருத்தரையும் தெரியாது."

"பின்னை ஏன் கை காட்டினம்?"

"சும்மாதான். ஓசிதானே."

அந்த ரயிலுக்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே செருப்பை மாட்டத் தொடங்கினார்கள். ஆடிவேல் தேரின் பின்னால் நடந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி வெளிச்சத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து நடந்துபோய்க் கொட்டாஞ்சேனை லொட்ஜையும் பார்த்தார்கள். கீழே இப்போது போன் திருத்தும் கடை.

"அந்த யன்னலிலைதான் உங்கடை அப்பா காற்சட்டை காயப்போடுறவர். ஒரே ஒரு காற்சட்டை."

"அப்பா வாஸ் புவர்?" மிதுஷனின் கண்கள் விரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் அதை அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். சுபோதினி கரண்டியை வைத்தார்.

"பிள்ளையளுக்குக் காட்ட உங்களுக்கு லொட்ஜே கிடைச்சது மச்சாள்? பிச்சை எடுத்த இடம் ஏதும் மிச்சம் இருந்தா அதையும் நாளைக்குக் காட்டிவிடுங்கோ."

இராசரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

மூன்றாம் வாரம் காலிமுகத்திடலில் மிதுஷனின் பட்டம் தானாக வானத்தில் நின்றது. நூலின் இழுப்பை உணர்ந்தவன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் தாரிகா சொன்னாள்: "அப்பா, ஒவ்வொரு சமரும் இஞ்சையே வருவம். புளோரிடா வேண்டாம்."

"பிராமிஸ்?" என்றான் மிதுஷன்.

"ஓம், பாப்பம்," என்றார் இராசரத்தினம்.

ஜெகதீஸ்வரி குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்புக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். வென்றுவிட்டதாக நினைத்தார்.

மறுநாளும் காலிமுகத்திடலுக்குத்தான் போனார்கள். போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்து, அவர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரெனால்டும் ஒரு முஸ்லிம் தம்பதியும் உள்ளே நின்றார்கள். மர்ஸூக்கும் அவருடைய மனைவி றலியாவும். வாங்கவே தீர்மானித்து இரண்டாம் முறையாக வந்தவர்கள். ஜெகதீஸ்வரியின் அறைக்குள் நின்று றலியா யன்னல் அகலத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தார். அறையில் கட்டில் மட்டும் இருந்தது. சுவரில் படங்கள் இல்லை, கொடியில் சேலை இல்லை.

நனைந்து நின்ற பெண்ணைப் பார்த்து றலியா கேட்டார்: "இவங்க யாரு?"

'இது என்ரை அறை' என்ற மூன்று சொல் போதும். ரெனால்ட் அந்த மூன்று சொல்லுக்குத்தான் பயந்து நின்றார். ஜெகதீஸ்வரி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார்.

"இவரின்ரை அக்கா," என்றார் சுபோதினி. "ஹெந்தளையிலை இருக்கிறா. பிள்ளையளைப் பாக்க வந்தவ."

தான் இனி எங்கே இருக்கப்போகிறோம் என்பதை ஜெகதீஸ்வரி அப்படித்தான் அறிந்துகொண்டார்.

றலியா நல்ல மனுஷி. "ஹெந்தளையிலயா? அல்லாவே, எவ்வளவு தூரம். டெய்லி வந்து போறீங்களா?"

பிறத்தியார் முன்னால் தம்பியைத் தலைகுனிய வைப்பது ஜெகதீஸ்வரி கற்ற எந்த வழக்கத்திலும் இல்லை.

"ஓம்," என்றார். "பஸ் இருக்குத்தானே."

"மாமி, யூ லிவ் ஹியர்," என்று தொடங்கிய மிதுஷனின் வாயைத் தாரிகா பொத்தினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவர்கள் போனதும் சுபோதினி கக்கூசைத் திறந்து மூட்டையை வெளியே வைத்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஜெகதீஸ்வரி நிலத்தில் அமர்ந்து முடிச்சை அவிழ்த்தார். மேலே முருகன் இருந்தார்.

"சாமியை அங்கை வைச்சனீயே சுபோ?"

"வேறை எங்கை வைக்கிறது? பூட்டுப் போடக்கூடிய கதவு அது ஒண்டுதான்."

பல்கனியிலிருந்து வந்த தம்பியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளையளுக்கு இப்ப கொழும்பு பிடிச்சிட்டுது தம்பி. ஒவ்வொரு சமரும் வாறமெண்டு சொன்னதுகளெல்லே?"

"வருவம் அக்கா. ஆர் வரமாட்டமெண்டது?"

சுபோதினி சிரித்தார். "அதுக்கு வீடு எதுக்கு மச்சாள்? காலிமுகம் ஓசி, கடற்கரை ஓசி, பட்டம், ரயில், தேர் எல்லாம் ஓசி. நீங்கள்தானே காட்டினனீங்கள். வந்தா ஹோட்டலிலை நிப்பம். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

ஹெந்தளையில் அவருக்குப் பார்த்து வைத்திருந்த அறை எங்கள் வீட்டினுடையது. பின்பக்கம், தனி வாசல். "கடல் பக்கத்தில இருக்க ஆசப்படுற ஒரு அம்மா" என்று சொல்லித்தான் ரெனால்ட் என் அம்மாவிடம் பேசி முடித்திருந்தார். ஜெகதீஸ்வரி ஒரு முச்சக்கர வண்டியில், மடியில் முருகனோடு வந்து இறங்கினார். இடியப்பக் கடைகள் அவருக்கு இனித் தூரம். பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். குடும்பத்துக்குள் கூலியில்லாமல் உழைப்பவர்கள் என்று. நல்ல புள்ளிகள் கிடைத்தன. அவர் சாமிப் படங்களைக் கழுவித் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அதில் ஒரு வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தம்பி குடும்பம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசி நாட்களுக்குக் கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மாறியது. புறப்படும் நாளுக்கு முதல்நாள் சுபோதினி போன் எடுத்தார்: "மிதுஷனுக்கு ரயிலுக்குக் கை காட்டவேணுமாம். வாங்கோ."

இரண்டு பஸ் மாறிப் போனார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். வழியில் மிதுஷன் அழுது கேட்டதால் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி வாங்கிக் கொடுத்தார். கல்லில் போய் இருந்ததும் அவன் வயிற்றைப் பிடித்தான்.

"மாமி, வோஷ்ரூம்."

மற்ற நாட்களில் என்றால் ஒழுங்கைக்குள் ஓடி லிஃப்டில் ஏறினால் போதும். அவர் பழக்கத்தில் அந்தப் பக்கமே ஓடினார், பிள்ளையை இழுத்துக்கொண்டு. வாசலில் காவல்காரர் எழுந்து நின்றார். இவ்வளவு வருடமும் அவருக்கு வணக்கம் சொன்னவர்.

"யதுர நே நோனா," என்று கையை விரித்தார். சாவி இல்லை, உள்ளே பெயின்ட் அடிக்கிறார்கள், புது முதலாளி ஆரையும் விடவேண்டாம் என்றார்.

"சின்னப் பிள்ளை மல்லி, ஒரு நிமிஷம்," என்றார், தம்பியை அழைக்கும் சிங்களச் சொல்லால்.

காவல்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஒழுங்கையின் மறுமுனையில், பிரதான வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அதுவரை போக மிதுஷனால் முடியவில்லை. ஒழுங்கை நடுவில், பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் பார்க்க, அவன் நின்றுவிட்டான். கால் வழியாக இறங்கியது. தாரிகா முதலில் மூக்கைப் பொத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு போனை எடுத்தாள்.

"வேண்டாம் தாரிகா," என்றார் மாமி.

"பதினாறு பேர் இல்லை மாமி, இதுக்கு நூறு பேர் சிரிப்பினம்."

சாப்பாட்டுக் கடையின் பின்பக்கக் குழாயில் அவனைக் கழுவினார். தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். கடையில் ஒரு துவாயை இரவல் கேட்டுச் சுற்றிவிட்டார். ஓட்டோவில் ஹோட்டலுக்கு வந்தார்கள். வரவேற்பறையில் தாய் தகப்பனைக் கண்டதும் மிதுஷன் கத்தினான்.

"ஐ ஹேட் திஸ் பிளேஸ்! இனி ஒருநாளும் இஞ்சை வரமாட்டன். ஒருநாளும்!"

"ஒரு பிள்ளையைப் பாக்கத் தெரியாதே மச்சாள்?" என்றார் சுபோதினி. "றோட்டிலை வித்ததை ஏன் வாங்கிக் குடுத்தனீங்கள்?"

இராசரத்தினம் மகனைத் தூக்கிக்கொண்டார். "சரி, சரி அப்பன். அழாதை. அடுத்த சமர் புளோரிடாவுக்குப் போவம், என்ன?"

"பிராமிஸ்?"

"பிராமிஸ்," என்றார் தம்பி. இம்முறை யோசிக்கவில்லை.

லிஃப்ட் கதவு மூடும்வரை ஜெகதீஸ்வரி நின்றார்.

அன்று இருட்டும் வேளையில் அவர் எங்கள் கிணற்றடியில் ஒரு சின்னக் காற்சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருட, அக்கா?" என்று என் அம்மா கேட்டார்.

"தம்பியின்ரை மகன்ரை."

"பாவம், அடுத்த முறை வரக்க போடலாம் என்ன?"

அவர் காற்சட்டையைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் குத்தினார்.

"அவன் வளர்ந்திடுவான்," என்றார்.