பிள்ளையாரின் அடியில் எழுதியது

பீங்கான் மண் காயும்போது, மழை ஓய்ந்த சுவரைப் போல ஒரு வாசம் வரும். அம்மா வேலை முடிந்து வருகையில் அந்த வாசம்தான் அவளுக்கு முன்னால் எங்கள் 'வூட்டுக்குள்' நுழையும். விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில், சூளைக்குப் போகாத 'பச்சை' பொம்மைகளின் பிசிறைச் சீவுவதும், வெந்தபின் பெட்டியில் அடுக்குவதும் அவள் வேலை. பள்ளி விட்டதும் நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணனும் முதலாளியின் மகனும் கூட்டாளிகள். மணிமுத்தாற்றங்கரையில் இருவரையும் ஒரே கஞ்சாப் பொட்டலத்தோடு போலீஸ் பிடித்தது; அதை வாங்கி வந்தவன் முதலாளி மகன். ஸ்டேஷனில் கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தெருடா?" ஊர்த்தெரு என்றவனை, "படிக்கிற புள்ள, வாழ்க்க கெட்டுடும்" என்று அவன் அப்பாவோடு அனுப்பிவிட்டார்கள். காலனி என்ற அண்ணன்மேல், விற்றான் என்று கேஸ் எழுதி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவனும் படிக்கிற பிள்ளைதான். அக்காவுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. அதன்பின் ஊரில் எது காணாமல் போனாலும் ஜீப் எங்கள் காலனிக்குத்தான் வந்தது.

அண்ணன் வெளியே வருவதற்குள் முதலாளி மகனுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் போட எங்கள் கம்பெனிப் பிள்ளையார். சூளைப் பலகையில் ஒட்டாமலிருக்க, பொம்மையின் அடியில் மட்டும் பளபளப்புப் பூச்சு பூசமாட்டார்கள். அங்கே கீறியது அப்படியே வெந்து நிற்கும். நான் பச்சையில் ஆணியால் எழுதினேன்: 'பொட்டலம் மாப்பிள்ளையோடது.' அம்மா பார்த்துவிட்டாள்.

"நல்லா ஆழமா கீறு" என்றாள்.

சூளை அடுக்கிய எங்கள் காலனி ஆட்களும் பார்த்தார்கள். எழுத்து அடியில் மறையும்படி அடுக்கினார்கள்.

பந்தி முடிந்து எழுந்தவர்கள் மண்டப வாசலில் பிள்ளையாரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு குளிர்கிறது. முதலாளி வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி உடைத்தார். அம்மாவுக்கு வேலை போனது. ஒன்றை மட்டும் அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணனுக்கு ஒரு வேலையும் நிலைக்கவில்லை. ஜீப் மட்டும் இன்னும் வருகிறது. சென்ற மாதம், நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் போதை ஒழிப்பு விழா. சிறப்பு விருந்தினர், ஊர்ப் பெரிய மனிதராகிவிட்ட அதே மாப்பிள்ளை. நினைவுப் பரிசு வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கடைக்குப் போகவில்லை.

மேடையில் பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், எதற்கோ திருப்பிப் பார்த்தார். பிறகு பேச அழைத்தார்கள். அவர் பிள்ளையாரின் அடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மைக்கின் முன் வந்து நின்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.