ஒன்பதரை மணி என்று சொன்னேன்

என் மகளுக்கு இடது கை தோளுக்கு மேல் எழாது. கவுன் போடும்போது அந்தக் கையை முதலில் எடுத்து நுழைத்துவிட்டுத்தான் மற்றதை நுழைக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "எங்கயாச்சும் விழுந்துட்டாளா?" என்று கேட்பார்கள். பிறக்கும்போதே அப்படி என்பேன். அதற்கு மேல் கிளறினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. கேட்டவருக்கெல்லாம் முழுக்கதையும் சொல்வார். அவர் சொல்லும் கதையில் தப்புச் செய்தது ஒரு நர்ஸ். ஐந்து வருடமாகப் பக்கத்தில் நின்று நானும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு இடம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

நான்கு வருடம் காத்திருந்து தங்கிய கரு அது. அந்த நான்கு வருடத்தில் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று எழுத ஆரம்பித்தால் அதுவே தனிக் கதையாகிவிடும். பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் பஸ் பிடித்துப் போனால் கடை சாத்தும் வரை நின்றபடியே இருக்க வேண்டும், உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. நான்காம் மாதம் நடக்கும்போது ஊரடங்கு வந்தது. கடையை மூடிவிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் வீட்டோடு வந்து சேர்ந்தார். சம்பளம் நின்றுபோன கவலை எல்லோருக்கும் இருந்தது. மாமியாருக்கு மட்டும் உள்ளூர ஒரு சந்தோஷம்.

"சாமியாப் பாத்துக் கடைய மூடிருக்கு. இனிமே நீ அசையப்படாது கண்ணு" என்றார்.

மாமியாரைக் குறை சொல்லி எழுதினால் படிக்கிறவர்களுக்கு ருசியாக இருக்கும். என்னிடம் அப்படிக் குறை எதுவும் இல்லை. குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார். விளக்குமாற்றை எடுத்தால் சத்தம் போடுவார். தெருவில் ரெண்டு நடை நடந்துவிட்டு வருகிறேன் என்றால், நோய் வாசலில் நிற்கிறது என்பார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்ற கால்கள், கட்டிலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் இடையே முடங்கிப்போயின. காய்கறி வண்டி எப்போதாவதுதான் வந்தது. வந்தாலும் உருளைக்கிழங்கும் வாடின கத்தரிக்காயும்தான். ரேஷனில் அரிசியும் சர்க்கரையும் சும்மா கொடுத்தார்கள். ஆகவே காலையில் சோறு, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. இடையில் பால், பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை. கொரோனாவுக்குப் பயந்தோம், போலீஸுக்குப் பயந்தோம். தட்டில் இருந்ததைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

ஆறாம் மாதம் நெருங்கும்போது நர்ஸம்மா போன் செய்தார். எங்கள் ஊருக்கான கிராமச் சுகாதார நர்ஸ் அவர். என் முதல் மாதத்திலிருந்து எனக்குக் கர்ப்பிணி அட்டை போட்டு, மாத்திரை கொடுத்து, வீடு தேடி வந்து பார்த்தவர். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். மற்ற நாளாக இருந்தால் சுகாதார நிலையத்திலேயே குடிக்கவைத்து, பெஞ்சில் உட்காரவைத்து, நேரம் பார்த்து எடுத்துவிடுவார்கள். அப்போது கூட்டம் சேரக் கூடாது என்று உத்தரவு. அதனால் பவுடரை முதல் நாளே காகிதப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"ஏழே முக்காலுக்குக் குடிச்சிட்டுக் கெளம்பும்மா. ஒன்பதே முக்காலுக்கு இங்க இருக்கணும். முன்னப் பின்ன ஆனா சோதனையே வேஸ்ட்டு. குடிச்சிட்டு ரொம்ப நடக்கவும் கூடாது, கேட்டியா?"

கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. ஏழே முக்காலுக்குக் கரைத்துக் குடித்தேன். பாகு போல இருந்தது, தொண்டை எரிந்தது. ரத்தம் எடுக்கணும் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எங்கள் ஊர் சிறுவாச்சூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சென்னை மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு நோய் வந்துவிட்டது என்று அந்த வாரம்தான் பேச்சாகக் கிடந்தது. நடுவில் இருந்த ஊர்க்காரர்கள் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். வயிற்றைக் காட்டிக் கெஞ்சியும் விடவில்லை. சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தால் போலீஸ். என்னைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நேரத்துல இவங்கள இழுத்துக்கிட்டுச் சுத்துறியா?" என்று அவரைத்தான் திட்டினார்கள். அட்டையைக் காட்டினோம். பெரிய அதிகாரி வரட்டும் என்றார்கள். அந்த அதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்தவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "அந்தம்மா வேணா போகட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று அங்கேயே நின்றுவிட்டார். நான் நடந்தேன்.

மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. மே மாத வெயில், ஒரு பஸ் கிடையாது, ஆள் கிடையாது. இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காதவள், நடக்கவே கூடாத அன்றைக்குப் பார்த்து நடந்தேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை.

நர்ஸம்மா கவச உடுப்புக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மூக்கும் வாயும் தெரியவில்லை. "எத்தன மணிக்கும்மா குடிச்ச?" என்று பேனாவை எடுத்தார்.

ஏழே முக்கால் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு நாள் வா என்பார். மறுபடி அந்த முள், அந்த போலீஸ், அந்த வெயில். காய்ச்சிய இரும்பில் வைத்தது மாதிரிப் பாதம் எரிந்தது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"கெளம்பவே லேட்டாயிடுச்சு, ஒன்பதரைக்குங்க" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தார். "கரெக்டா வந்துட்ட. கெட்டிக்காரி" என்று சொல்லி ஊசியை எடுத்தார். குடித்து மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நடை. ரத்தத்தில் இருந்த சர்க்கரை இறங்கிப் போயிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அட்டையில் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் மாமியார் அந்த அட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன கவலை! ஏழாம் மாதம் வளைகாப்பு. அரியலூரிலிருந்து என் அம்மா வர இ-பாஸ் கிடைக்கவில்லை. போனில் அழுததோடு சரி. பந்தல் போட்டு ஊரைக் கூட்டவும் முடியாது. ஆனால் முறை செய்கிறவர்கள் முறையை விடுவார்களா? ஒரே நாளில் கூடித் தின்றுவிட்டுப் போக வேண்டியவர்கள், வீட்டுக்கு ஒருவராக, நாளுக்கு ஒருவராக வந்தார்கள். கையில் வளையலைப் போட்டு, வாயில் ஊட்டிவிட்டுப் போனார்கள். நாத்தனார் சர்க்கரைப் பொங்கல், சின்ன மாமியார் அதிரசம், எதிர்வீட்டக்கா ரவா லாடு, அவள் மருமகள் கேசரி. கொண்டுவந்ததை மறுக்கக் கூடாது, மிச்சமும் வைக்கக் கூடாது. ஒரு நாள் வளைகாப்பு எனக்கு ஒன்றரை மாதம் நடந்தது. தாகம் தாங்கவில்லை, வெயில் என்றோம். அடிக்கடி ஒன்றுக்குப் போனேன், பிள்ளை அழுத்துகிறது என்றோம். வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்தது. ஆண்பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. என் கால்களை மடக்கிப் பிடித்தவர்கள், வயிற்றை அழுத்தியவர்கள், "டைம் சொல்லு, டைம் சொல்லு" என்று கத்தின டாக்டர், எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நாலே கால் கிலோ. பிறந்ததும் அழவில்லை. பிறகு அழுதாள். கையில் கொடுக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொண்டுபோனார்கள். இழுத்ததில் கழுத்து நரம்பு அறுந்துவிட்டது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. இடது கை துணி மாதிரித் தொங்கியது.

என் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு சர்க்கரைய வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் வயிற்றுப் பிள்ளையும் அதைத் தின்று தோள் கொழுத்துவிடும் என்றார். "இந்த வருஷம் இப்படி நிறைய பேரப் பாக்குறேன். நடக்குறதில்ல, வெளிய போறதில்ல, சோறும் பயமுமாவே உக்காந்திருக்கீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாப்பாட்டுலயும் ஊசியிலயும் அடக்கியிருக்கலாம். ஆபரேஷன் பண்ணிக் கையக் காப்பாத்தியிருக்கலாம். டெஸ்ட் எடுக்கலையா?"

என் வீட்டுக்காரர் அட்டையை நீட்டினார். "நார்மல்னு எழுதியிருக்குதுங்க மேடம்."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு எடுத்தா இத?"

அந்த ஒரு கேள்வியில் என் வீட்டுக்காரருக்குப் பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். தையல் வலி, பால் கட்டிய வலி, பிள்ளை பிழைக்குமா என்ற பயம். இதெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொண்டு அன்றைக்குத் தள்ளிப்போட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

இந்த வருடம் பள்ளியில் சேர்க்கும்போது ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கப் போனோம். திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வாசல். மனு எழுதிக் கொடுப்பவர் கதையைக் கேட்டுவிட்டு, "யாரால ஆச்சுன்னு ரெண்டு வரி சேத்தா மனு கெட்டியா இருக்கும் சார்" என்றார். என் வீட்டுக்காரர் நர்ஸ் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தாயாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார். படித்துப் பார்த்தேன். பிள்ளை வெயிலில் சிணுங்கினாள். போட்டுவிட்டேன்.

விசாரணை வைத்தார்கள். நர்ஸம்மாவை வேப்பந்தட்டைப் பக்கம் மாற்றிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் அவரே வந்தார். வீட்டுக்காரர் லாரிக்குப் போயிருந்தார், மாமியார் கடைக்குப் போயிருந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் வரிந்துகட்டிக்கொண்டுதான் வாசலுக்குப் போனேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முன்தலை பாதி நரைத்திருந்தது.

"ஒன்னும் கேக்க வரலம்மா. போறதுக்கு முன்னாடி புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். என் மகளின் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். தோள் வரை வந்து நின்றுவிட்டது. கீழே இறக்கிவிட்டார்.

"ஒரே ஒரு சந்தேகந்தான்மா எனக்கு. அஞ்சு வருஷமா மண்டையப் போட்டுக் கொடையுது. நீ ஒன்பதரைக்குக் குடிச்ச, பதினொன்றரைக்கு எடுத்தேன். நேரத்துல தப்பு இல்ல, எழுதி வச்சிருக்கேன். அப்பறம் எப்படி நார்மல் வந்துச்சு? அப்ப பாக்கெட்டு பத்தாம, நானே பவுடரப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினேன். ஒனக்குக் கொறச்சுக் கட்டிட்டேனோ? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அன்னிக்குக் குடிச்சியே, தித்திப்பு எப்படி இருந்துச்சு?"

இப்போதும் சொல்லியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை, கேட்க அவர் ஒருவர்தான். நாக்கு நுனி வரை வந்தது.

"லேசாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நான்தான்" என்றார். என் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. என் மேலேயே எனக்கு வந்த அருவருப்பில் கையை உருவிக்கொண்டேன். அதை என் கோபம் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். என்னைச் சந்தேகப்படலாம் என்று அந்த மனுஷிக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.