அறுபத்து நான்கு என்ற எண்ணும் முருகன் நடத்திய வழியும்

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று நானே முடிவு செய்துவிட்டேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. என் பயம் சொன்னது. முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலா பிலா ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். மகள் தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. போன ஆடி மாதத்திலிருந்து பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் உப்பியிருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது. ரத்தம் ஏறவில்லை.

என் மனைவி செல்வி மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். நாலைந்து நாளில் வயிறு கொஞ்சம் அடங்கியது. அதையே தொடரலாம் என்றாள். ஆனால் அதற்குள் நான் தோட்டத்துக் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மண்டலம் இரவில் அரிசி தொடமாட்டேன், சப்பாத்திதான், பிள்ளையைக் காப்பாற்று என்று. அதைக் கேட்டதும் தர்ஷினி தானும் விரதம் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

“எனக்காகத்தானே லா இருக்கீங்க. நான் மட்டும் கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கவா?”

செல்விக்குக் கோபம். “கஞ்சி வேணாம்னு சாமி வந்து சொல்லுச்சா? உங்களுக்கு வானம் இருட்டினாலே காய்ச்சல் வந்துரும். அந்தப் பயத்துக்குப் புள்ளையும் விரதமா?”

அவள் சொன்னது சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. விரதம் இருக்க இருக்கப் பிள்ளைக்கு மோசமானது. பள்ளியில் மயங்கி விழுந்தாள். கும்பிடக் கும்பிட இப்படி ஆகிறதே என்று லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். முருகன் என் குரலைக் கேட்கவே இல்லை என்று நினைத்தேன்.

ஐப்பசியில் கிளினிக்கில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைக் கையில் கொடுத்து, சிரம்பானில் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்ப்பதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் மனுசனாகவே இல்லை. தாளில் எல்லாம் ஆங்கிலம். ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தது. தர்ஷினிதான் வாசித்தாள். “பத்துக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்குப்பா. எனக்கு அறுபத்தி நாலு.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

சிரம்பானில் எங்களைப் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர். உட்கார்ந்ததும் புற்றுநோயா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்றார். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அதைச் சாப்பிட்டால் உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்கும், அந்தச் சண்டையின் அளவுதான் இந்த அறுபத்து நான்கு என்று விளக்கினார். சீலியாக் என்று பெயர். கீழே இருந்த இன்னொரு எண்ணையும் காட்டினார். அது சரியாக இருப்பதால் இந்தச் சோதனையை நம்பலாமாம். ஆனாலும் ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும், குடலுக்குள் ஸ்கோப் குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்றார்.

பிறகு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கஞ்சியையும் விரதத்தையும் தலை குனிந்துகொண்டு சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நல்லவேளைண்ணே, கோதுமைச் சப்பாத்தி சாப்பிட்டிருக்கு. வெறும் கஞ்சியிலேயே விட்டிருந்தீங்கன்னா, இந்த நம்பர் இறங்கிப் போயிருக்கும். ஒண்ணுமில்லன்னு நாங்களும் அனுப்பியிருப்போம்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்கவில்லை என்று நான் நினைத்த முருகன், நோயை ஒளிய விடாமல் பிடித்து வைத்திருக்கிறான். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் சோதனை முடியவில்லை. ஸ்கோப் வரைக்கும் கோதுமையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் குடலும் பொய் சொல்லும் என்றார் டாக்டர். கிடைத்த தேதியோ தை மாதம். எது பிள்ளையை அரிக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைத் தட்டில் வைக்க வேண்டும். செல்வியின் தம்பி வீட்டுக்கு வந்து, “தெரிஞ்சே விஷம் வைக்கிறீங்களே மச்சான், நீங்கல்லாம் ஒரு அப்பனா?” என்று கேட்டுவிட்டான். அன்று சப்பாத்தித் தட்டைத் தூக்கிக் கொட்டப் போனேன். தர்ஷினி எழுந்து வந்து தட்டைப் பிடித்தாள்.

“குடுங்கப்பா. இப்ப நிறுத்தினா மறுபடியும் முதல்லேருந்து.”

வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அவள் மென்று தின்றதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கோயிலுக்கு ஓடினேன். இந்த முறை எந்த நேர்த்திக்கடனும் வைக்கவில்லை. “முருகா, என்னால இதுக்கு மேல முடியல. தேதிய முன்னால கொண்டு வா” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் வர முடியவில்லையாம். இடம் காலியாக இருக்கிறது, வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்கள். போனில் பேசியவருக்குப் புரியாத அளவுக்கு அழுதேன்.

ஸ்கோப் முடிந்தது. சீலியாக்தான் என்று உறுதியானது. அன்றிலிருந்து கோதுமை, பார்லி எதுவும் இல்லை. கிச்சாப் என்ற சோயா சாஸில்கூடக் கோதுமை இருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். கடையில் நான் ஒவ்வொரு போத்தலாகத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு செல்வி சிரிக்கிறாள். கோயிலிலும் சொன்னோம். ரவை கேசரி செய்யும் நாளில் பிள்ளைக்கென்று பெண்கள் சர்க்கரைப் பொங்கலும் வைக்கிறார்கள். பங்குனிக்குள் ரத்தம் ஏறிவிட்டது. தர்ஷினி மறுபடியும் வலைப்பந்து விளையாடப் போகிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கலாம். அந்த எண்ணுக்கு நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். அவரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள். மற்றதை முருகனிடம் விடுங்கள். நான் இன்னும் பயப்படுகிறவன்தான். முன்பெல்லாம் பயம் வந்தால் லோரிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்தப் பயத்தோடேயே அவன் முன்னால் போய் நிற்கிறேன். நீங்களும் வந்து நில்லுங்கள்.