எழுபத்திரண்டு பல் திருப்புளி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிறையப் பன்னிரண்டு நிமிடம். வாசல் தெளித்தேன். பால் பாக்கெட் இரண்டு. ஒன்றில் மூலை கசிந்திருந்தது. 6.05க்குக் காபி. மதியத்துக்குப் புளிக்குழம்பு, கொத்தவரங்காய்ப் பொரியல். எங்கள் வீடு இருக்கும் சாரத்திலிருந்து உப்பளம் பகுதியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம் ஆகும். 8.45க்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் 8.20க்குக் கிளம்பிவிடுவேன். அன்றைய டைரிப் பக்கத்தில் இவையெல்லாம் எந்த நாளும் போலவே இருக்கின்றன. காலைக் குறிப்பில் புதிதாக ஒரு வரிதான் உண்டு: "குளியலறையில் அவருடைய சோப்பு."

என் கணவர் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிப்பவர். அலுமினியச் சட்டம் வந்த பிறகும் இந்த ஊரில் மர ஜன்னல் உள்ள வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வலையை மரச்சட்டத்தில் இழுத்துப் பிடித்து, சட்டத்தை ஜன்னலோடு சேர்த்துத் திருகாணி போடுவார். ஒவ்வொரு திருகாணியையும் மரத்தில் இறக்கும் முன் சோப்பில் ஒரு தேய்ப்பு. சோப்பு தடவிய திருகாணி மரத்தைப் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பார். அதனால் அவருடைய கருவிப் பையில் பாதி சோப்பு எப்போதும் இருக்கும். இருபத்து மூன்று வருடமாகக் குளியலறையில் எங்களுக்குக் கிடைப்பது மீதிப் பாதிதான்.

அந்தப் பைச் சோப்பு, திருகாணிக் கீறல்களோடு, குளியலறைச் சோப்புப் பெட்டியில் இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். அவர் வாயால் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

ஜனவரியில் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு, அதன் பிறகு பயிற்சி. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. திங்கட்கிழமை கருவடிக்குப்பத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வேலை. அவர் மகளுக்குப் பிரசவமாகி, வெள்ளிக்கிழமை குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். ஆறு ஜன்னல், ஜன்னலுக்குப் பத்துத் திருகாணி. சட்டங்கள் தயார், துளைகளும் போட்டாயிற்று. நான்காவது திருகாணியில் கை வீங்கிவிட்டது. வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். "நாளைக்கு ராத்திரி வரைக்கும் பாக்கறேன், நீங்களே வந்தா நல்லது" என்றாராம் டீச்சர்.

"நம்ம பக்கத்து அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் கேக்கறாங்க," என்றார் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "கேட்டைத் தொறக்கணும், மூடணும். அதுக்கு இந்தக் கை போதும்."

அவர் கேட்டருகே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கேட்டின் கீலில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மாடி வீட்டில் எலக்ட்ரிக் டிரில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள் என்றேன். "டிரில்லு கடைசிச் சுத்துல கைய ஒதறும். டாக்டரு சொன்னது மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை, உதறுகிற கருவி எதையும் பிடிக்கக் கூடாது என்று மார்ச் மாதப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறேன். அப்படியானால் மிச்சம் இருப்பது ராட்செட் திருப்புளி. சாதாரணத் திருப்புளியில் ஒரு திருகு திருகிவிட்டு, பிடியை விட்டு, கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பிடிக்க வேண்டும். ராட்செட்டில் பிடியை விடவே வேண்டாம். முன்னால் திருப்பினால் திருகாணி இறங்கும். பின்னால் திருப்பினால் கைப்பிடி மட்டும் டிக் டிக் என்று திரும்பி வரும், திருகாணி அசையாது. மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினாலே போதும்.

இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மே மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்று வாங்கி வந்து வீட்டிலேயே போட்டுப் பார்த்தார். பதினோராவது திருகாணியில் அது இரண்டு பக்கமும் வெறுமனே சுற்ற ஆரம்பித்திருந்தது. அதை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பற்சக்கரம் இரும்புதான். அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டிய சின்ன நாக்கு பிளாஸ்டிக். அன்றிலிருந்து ராட்செட் என்ற பேச்சை எடுத்தால், "அந்தக் கிலுகிலுப்பையா?" என்பார்.

6.20க்கு, மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"அளக்கணும்."

"வளையல் வாங்கித் தரப் போறியா?"

முழங்கையை மேஜைமேல் ஊன்றி, கைக்குள் ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொன்னேன். வலிக்காத மட்டும் இந்தப் பக்கம், வலிக்காத மட்டும் அந்தப் பக்கம். மூன்று முறை அளந்தேன். அறுபத்திரண்டு, அறுபது, அறுபத்திரண்டு டிகிரி.

"பாஸா, பெயிலா?"

"பாஸ்," என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மாலை 5.45க்கு அலுவலகம் விட்டு, நேராக மார்க்கெட் பக்கம் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு என் கணவரை இருபது வருடமாகத் தெரியும். என்னைத் தெரியாது. பையிலிருந்து, மூன்று திருகாணிகள் பாதி இறங்கியிருந்த பழைய ஜன்னல் சட்டத் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இன்னாமா, ஜன்னலையே பேத்து எடுத்துனு வந்துட்டீங்களா?"

"போட்டுப் பாத்துத்தான் வாங்குவேன், பாய்."

"போட்டுப் பாருங்க. கதவு வேணும்னாலும் தரேன்."

ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு மேல் போனால் வீட்டில் அவர் பெட்டியைப் பிரிக்கவே விடமாட்டார். அந்த விலைக்குள் பாய் மூன்று எடுத்துப் போட்டார். கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் போக ஒரு நிலை, பின்னால் வர ஒரு நிலை, நடுவில் பூட்டு. மூன்றிலும் வளையம் தானாக நழுவாமல் நின்றது. உள்ளே நாக்கு இரும்பா என்று கேட்டேன். மூன்றுமே இரும்பு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். திருகாணித் தலையில் பொருந்தும் முனைத் துண்டான பிட்டை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினேன். ஒன்றில் பிட் கீழே விழுந்தது. அதைத் தள்ளி வைத்தேன். மிச்சம் இரண்டில் தடித்த கைப்பிடியும் பன்னிரண்டு பிட்டும் உள்ள கறுப்பு ஒன்று. இன்னொன்று ஆரஞ்சு நிறம், கைப்பிடி ஒல்லி, ஆறே பிட், பெட்டியும் கிழிந்திருந்தது. இரண்டாலும் என் கையால் ஒரு திருகாணியை முழுக்க இறக்கினேன். கறுப்பு கணீரென்று சத்தமிட்டது. உறுதியான சாமான் என்று தோன்றியது. அதையே வாங்கிக்கொண்டு 6.50க்கு வீட்டில் இருந்தேன்.

அவர் உடனே தொடவில்லை. டீ குடித்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு சட்டத் துண்டைச் சுவரோடு அண்டக் கொடுத்து, மிச்சமிருந்த திருகாணியில் வைத்துத் திருகினார். முதல் நான்கைந்து சுற்று சுலபமாகப் போயிற்று. திருகாணி இறுகத் தொடங்கியதும் அவர் கை திரும்பும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. முன்னால் கொஞ்சம், திரும்பி வரும்போது ஒரு டக். மறுபடி முன்னால், இன்னொரு டக். அடுத்த முறை ஒரு டக் விழும் அளவுக்குக் கை திரும்பும் முன்பே வலித்துவிட்டது. டக் விழாததால் மறுபடி முன்னால் திருப்பியதும் அப்படியே வீண். திருப்புளியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"நல்ல சாமான்தான்," என்றார். "கைதான் சரியில்ல. விடு."

அவர் எரிச்சலோடு பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னார். நான் அந்த டக்கையே யோசித்துக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு டிகிரி திரும்புகிற கை ஏன் ஒரு பல்லோடு நிற்கிறது?

"இன்னொரு தரம் பிடிங்க. இறுகின திருகாணி மேலயே."

பாகைமானியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தேன். வலிக்கும்போது நிறுத்தச் சொன்னேன். பதினெட்டு டிகிரி.

காலையில் நான் அளந்தது வெறுங்கையை. அந்தக் கையில் பென்சில் இருந்தது, பாரம் இல்லை. அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பின் எடையைக் காகிதக் கட்டை நீக்கிவிட்டு அட்டையை மட்டும் நிறுத்துச் சொல்வது போலத்தான் காலையில் நான் செய்ததும். வெறுங்கையை அளந்த தப்பை அவரிடம் சொன்னேன்.

"வெறுங்கை மொழம் போடுமான்னு சும்மாவா சொன்னாங்க," என்று சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பிட்டைத் திருகாணியில் வைத்து, கைப்பிடியைப் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றி டக்குகளை எண்ணினேன். இருபத்து நான்கு. அப்படியென்றால் ஒரு டக்குக்குப் பதினைந்து டிகிரி. பதினெட்டு டிகிரி திரும்பும் கைக்கு இது ஒரு பல்தான் தரும், மிச்சம் மூன்று டிகிரி வீண்; வலியில் பதினைந்துக்குக் கீழே குறைந்தால் ஒரு பல்கூடத் தராது. குற்றம் கையில் இல்லை. பல் பெரிது.

"செருப்பைப் போடுங்க," என்றேன். "கடை ஒன்பது வரைக்கும் இருக்கும்."

ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னால் அவர் சட்டத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜா தியேட்டர் சிக்னலில் நின்றபோது, "யாருனா பாத்தா, அந்தம்மா புருசனுக்கு ஜன்னல் வாங்கிக் குடுத்துக் கூட்டினு போவுதுன்னு நெனப்பாங்க," என்றார்.

பாய் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க மாஸ்டர்! இந்தம்மா உங்க வீட்டம்மாவா? மொதல்லியே சொல்லியிருந்தா நாற்காலி போட்டிருப்பேனே. ஒரு மணி நேரம் என்னை வெசாரணை பண்ணிட்டுப் போனாங்க."

"வீட்ல தெனமும் நடக்கறதுதான் பாய்."

ஆரஞ்சு நிறத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். முதலில் பிட் நழுவியதால் தள்ளி வைத்ததையும் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தாறு. ஆரஞ்சை எண்ணத் தொடங்கினேன். சத்தம் மிக மெல்லியது, கைக்கடிகாரம் ஓடுவது போல. தெருவில் பஸ் ஹாரன். நாற்பத்தொன்றில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

"மேடம், ஆணி கேட்டு ஒருத்தர் நிக்கறாரு."

"பாய், சத்தம் போடாதீங்க. அம்பத்தி மூணு. அம்பத்தி நாலு."

ஆணி கேட்டு வந்தவரும் எண்ண ஆரம்பித்துவிட்டார். எழுபத்திரண்டில் தொடங்கிய இடத்துக்கு வந்தேன். அவர், "எனக்கு எழுபத்தி மூணு வந்திச்சு," என்றார். அதனால் மூன்றாவது முறையும் எண்ணினோம். எழுபத்திரண்டுதான். டிக்குக்கு ஐந்து டிகிரி. கை பத்து டிகிரிதான் திரும்பினாலும் இரண்டு பல் கிடைக்கும்.

"மாஸ்டர், நீங்க போடுங்க," என்றார் பாய்.

கடை மேஜையிலேயே சட்டத்தை வைத்துத் திருகினார். முன்னால் கொஞ்சம், டிக்டிக்டிக் என்று திரும்பி வருதல். மறுபடி முன்னால், டிக்டிக்டிக். கை ஆடியது தெரியவே இல்லை. திருகாணித் தலை மரத்தோடு மட்டமாக நின்றது. பாய் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார், அதையும் போட்டார். அதற்கடுத்ததை யாரும் கேட்கவில்லை; அவராகவே பாயின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"புடி ஒல்லியா இருக்கு," என்றார் கடைசியில். "இறுக்கிப் புடிக்க வேண்டியிருக்கு. அதான் கொஞ்சம் வலிக்குது."

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும் மாஸ்டர், சோறு போட்டா வளக்க முடியும்?"

கறுப்பைத் திருப்பிக் கொடுத்து ஆரஞ்சை வாங்கிக்கொண்டோம். விலை கறுப்பைவிடக் குறைவு. பெட்டி கிழிந்ததற்காகப் பாய் இரண்டு நீளப் பிட் சேர்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து சைக்கிள் டியூப் ஒரு முழம் எடுத்தார். கைப்பிடி நீளத்துக்கு வெட்டி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி, உறைபோல இழுத்து மாட்டினார். அதன்மேல் இன்னொன்று. பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கை நிறைய, மெத்தென்று இருந்தது. ஆரஞ்சு நிறம் நுனியில் மட்டும் தெரிந்தது.

8.40க்கு டீச்சரின் போன். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழட்டும் என்று அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டேன்.

"காலைல சொல்றேன் டீச்சரம்மா," என்றார். "இல்ல இல்ல, வேற ஆளுகிட்ட இன்னும் பேசல. கை எப்படி இருக்குன்னு ஒரு ராத்திரி பாத்துக்கறேன்."

சாப்பிட்ட பிறகு அவர் வென்னீரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய பக்கத்தின் கடைசியில் எழுதினேன்: "அளக்கும்போது பாரத்தோடு அளக்க வேண்டும். 24 பல், 15. 36 பல், 10. 72 பல், 5. பதினெட்டுக்கு மூன்று பல்." பேனாவை மூடினேன். பிறகு திறந்து, "கை வீங்கவில்லை" என்று சேர்த்தேன்.

ஜூன் 12, புதன்கிழமை. 5.35. நான் எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை, குளியலறையில் விளக்கு எரிந்தது. மோட்டார் போடப் போனவள் கதவருகே நின்றேன். சோப்புப் பெட்டியில் இருந்த பழைய சோப்பைத் தொடாமல், புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து, காய் வெட்டும் கத்தியால் சரிபாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கருவிப் பையில் போட்டார். மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார்.