ஊருக்கு ஒரு போன்

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அரியூர் நாட்டில் பஸ் திரும்பும் இடத்தில் எங்கள் கடை இருந்தது. டீ, வடை, ஓரத்தில் கொஞ்சம் மளிகைச் சாமான். தொண்ணூற்றேழில், மிளகுக் கொடிகளில் காய் முற்றிக்கொண்டிருந்த சமயம், டெலிபோன் ஆபீஸ் ஜீப் ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. ஊராட்சி ஆபீஸ் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், பள்ளிக்கூடத்தில் சாயங்காலமானால் ஆளிருக்காது. பகல் பூரா ஆள் இருக்கிற இடத்தில்தான் போன் வைக்க வேண்டுமாம். அப்படித்தான் அது என் கடைக்கு வந்தது.

ஓட்டின் மேல் ஒரு சோலார் தகடு போட்டார்கள். பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு ஏரியலை மலைக்குக் கீழே பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார்கள். உள்ளே ஒரு பேட்டரிப் பெட்டி, மேசை மேல் போன். கம்பியே இல்லாமல் காற்றிலேயே பேச்சு போகும் என்றார்கள். ஊரே கூடி நின்றது. வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டே, வந்தவர்களில் பெரியவர் சொன்னார்.

"இதுல இருந்து கீழ சுத்துப்பட்டு ஊருகளுக்குப் பேசலாம்மா. வெளி மாவட்டத்துக்குப் பேச லைன் கிடையாது. ஆனா எங்கிருந்து வேணாலும் இதுக்குப் பேசலாம்."

"ஏனுங்க, எங்க ஆளுக எல்லாம் ஆந்திராவுலயும் அதுக்கு மேலயும் போர் லாரியில இல்லீங்க இருக்காங்க? கீழ இருக்கறவங்ககிட்ட நாங்க என்னத்தப் பேசறதுங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்கு ஒரு போன் குடுக்கச் சொல்லித்தான் ஆர்டர். யாரு யாருகிட்டப் பேசோணும்னு அதுல இல்ல" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரிகளில் வேலைக்குப் போனவர்கள். மரவள்ளியும் சாமையும் மட்டும் போட்டுக் குடும்பம் நடத்த முடியாது. லாரி இன்று ஓர் ஊரில் நிற்கும், அடுத்த வாரம் வேறு மாநிலத்தில் நிற்கும். அவர்களுக்கு விலாசம் கிடையாது. நாங்கள் பேச முடியாது, அவர்கள்தான் பேச வேண்டும். எல்லோரும் எங்கள் கடை நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

நல்ல சேதி நிறைய வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேசப் பகலில் முழுக் கட்டணம், ராத்திரியானால் குறையும். சர்க்கார் அப்படி வைத்திருந்தது. டவுன்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் பூத்துக்குப் போய்ப் பேசுவார்கள். என் கடையோ கடைசி பஸ் போனதும் சாத்தப்படும், எங்கள் வீடு தோட்டத்துக்குள் தள்ளி இருக்கிறது. அதனால் எங்களுக்குப் பேச வேண்டியவர்கள் பகலில்தான் பேச வேண்டும். பகலில் அவ்வளவு காசு கொடுத்து யாரும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரி, விபத்து, சாவு. இதற்குத்தான் அந்த மணி அடித்தது.

சேதியை வாங்கியவள் நான் என்பதால் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியவளும் நான்தான். முதல் தடவை போனபோது அந்த வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, டீக்கடையை உட்டுப்போட்டு இந்நேரத்துல எங்க?" என்று சிரித்தாள். "உங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு செரியில்லையாம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டாள்.

இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் ஊர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. நான் ஒரு வீட்டுப் பாதையில் திரும்பினாலே உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். குண்டனி நாட்டில் இருந்த என் நாத்தனாருக்கு ஒரு பலாப்பழம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்காரரும் லாரியில்தான் இருந்தார். வயலில் நின்றவள் நான் வரப்பில் வருவதைப் பார்த்ததும் அப்படியே நாற்றுக்குள் விழுந்துவிட்டாள். தண்ணி தெளித்து எழுப்பி, "ஒண்ணுமில்ல சாமி, பழம் குடுக்க வந்தேன்" என்று பல தடவை சொன்ன பிறகுதான் பழத்தை வாங்கினாள். நான் கிளம்பும்போது, "இனிமே வரதா இருந்தா அண்ணனை முன்னால அனுப்புங்கண்ணி" என்றாள். அதற்குப் பிறகு சேதி இல்லாமல் நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஒரு காதுகுத்துக்கு என்னைக் கூப்பிடாமலே விட்டார்கள். கேட்டதற்கு, "தப்பா நெனைக்காத, உன்னப் பாத்தா பொம்பளைகளுக்கு நெஞ்சு படபடங்குது" என்றார்கள்.

ஒருத்தி மட்டும் தினமும் வந்தாள். கடைக்குப் பால் ஊற்றுகிறவள். என்னைவிடச் சின்னவள், கடைக்குப் பின்னால் சரிவில் வீடு. அவள் புருஷனும் லாரியில்தான். காலையில் பால் சொம்போடு வரும்போது முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரித்த பிறகுதான் சொம்பை இறக்கி வைப்பாள். அதனால் அவள் தலை தெரிந்ததுமே சிரிக்கப் பழகிக்கொண்டேன். பாலை அளந்துவிட்டு ஒரு டீ குடிப்பாள். ஊரில் யாரும் என்னோடு உட்கார்ந்து பேசாத காலத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பேச்சுத் துணை.

கீழே டவுனில் இருந்த டெலிபோன் ஆபீசுக்கு ஒரு நாள் பஸ் பிடித்துப் போனேன். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"வெளியூருக்குப் பேசற மாதிரி லைன் குடுத்தீங்கன்னா அவங்கவங்க லாரி முதலாளிகிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க சார். இல்லாட்டி ஊருக்குள்ள இன்னொரு போனாச்சும் குடுங்க."

"அது வேற ஸ்கீம்மா. உங்க ஊருக்குப் போன் குடுத்தாச்சு. கணக்குல வந்திருச்சு. இன்னும் ஒண்ணுகூட இல்லாத ஊரெல்லாம் இருக்குல்ல?"

"அப்ப இதை எடுத்து வேற யாருகிட்டயாவது வைங்க."

"எடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஆடி மாசத்து மழையில் பல நாள் மலையே மூட்டத்துக்குள் கிடந்தது. அதில் போன் செத்துப்போனது. வெயில் வந்த பிறகும் உயிர் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இந்த மாதிரி மிஷினையே நிறுத்திடலாம்னு டெல்லியில முடிவு பண்ணிட்டாங்க. புதுசா வேற வகை வருது. அது வரைக்கும் இதுக்குச் சாமான் வாங்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அது எப்பங்க வரும்?"

"வரும்மா" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. மெல்ல மெல்லப் பெண்கள் கடையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் இனிச் சேதியே வராமல் போய்விடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. அடிவாரத்து ஊரில் மிளகு மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் எங்களிடம் மிளகு எடுப்பார். அவர் மண்டியில் நல்ல போன் இருந்தது. கேட்டதும், "என் நம்பரைக் குடுங்கம்மா, சேதி வந்தா பஸ்ஸுல சொல்லி அனுப்பறேன்" என்றார். ஆனால் அந்த நம்பரை யாரிடம் கொடுப்பது? ஆட்கள் எங்கோ லாரியில் இருந்தார்கள். அவர்களாக ஊருக்கு வந்தால்தான் கொடுக்க முடியும். பொங்கலுக்கு வந்தவர்களிடம் கொடுத்தோம். பால்காரியின் புருஷன் அந்தப் பொங்கலுக்கு வரவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் அவனோடு வேலை செய்த இருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ஒருவன் கையில் அவனுடைய பை இருந்தது. நேராகக் கடைக்குள் வந்து என்னிடம் சத்தம் போட்டார்கள்.

"போனை ஏங்கக்கா எடுக்கல? எத்தன தடவை அடிச்சோம்!"

கிணறு தோண்டும் இரும்புக் குழாய் சரிந்து அவன் இடுப்பில் விழுந்திருக்கிறது. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அவளை வரச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். இவர்கள் தினமும் பூத்துக்குப் போய் அடித்திருக்கிறார்கள். மணி போய்க்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். கடைசியில் அங்கேயே எரித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அவர்கள் பேசிய சத்தத்தில் அவள் சரிவிலிருந்து ஏறி வந்துவிட்டாள். பையைப் பார்த்தாள். பிறகு அழுதாள். எல்லாம் அழுது முடித்த பிறகு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"மணி அடிச்சுதாமேக்கா. உங்களுக்குக் கேக்கலையா?"

"போன் செத்துக் கெடக்குது கண்ணு. நீயுந்தான தெனமும் பாக்கற?"

"செத்துப்போன போனுல மணி எப்படீங்கக்கா போகும்?"

மறுவாரமே டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். ஓர் இளைஞர் இருந்தார். கேட்டதும், "அது எங்க எக்ஸ்சேஞ்ச் குடுக்கற மணிங்கம்மா. பேசறவங்க காதுல மட்டும்தான் கேக்கும். உங்க ஊருல அடிச்சிருக்காது" என்றார்.

"எங்க லைன் செத்துப்போச்சுன்னு அதுலயே சொல்ல முடியாதுங்களா?"

"லிஸ்ட்ல இன்னும் உங்க போன் வேலை செய்யுதுன்னுதாம்மா இருக்கு."

"ஒரு தடவ மேல வந்து இதை அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா."

வருகிறேன் என்றார். வரவில்லை. அவர் சொன்னதை நானே அவளிடம் சொன்னேன். மாட்டுக்குத் தட்டுத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமல், "நீங்க சொன்னாச் செரிங்கக்கா" என்றாள். அடுத்த நாளிலிருந்து பாலைத் தன் மகளிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு அதுவும் நின்றது, பால் சொசைட்டிக்கு ஊற்றத் தொடங்கிவிட்டாள். ஊரில் சிலர், சேதி சொல்லப் பயந்துகொண்டு நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று பேசினார்கள். நான் ஒரு தடவை மறுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

சொன்ன புதுப் போன் பல வருஷம் வரவில்லை. கணக்கில் எங்கள் ஊர் போன் இருக்கிற ஊர். அதனால் வேறு எந்தத் திட்டத்திலும் எங்கள் பெயர் வரவில்லை. பிறகு செல்போன் வந்தது. முதலில் டவுனுக்கும் மெயின் ரோட்டுக்கும் வந்தது. டவர் போடுகிற கம்பெனிகளுக்குச் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தது, மலைக்கு மேலே ஆள் குறைவு என்று அவர்கள் ஏறவில்லை. எங்கள் பக்கம் சிக்னல் எட்டிப் பார்த்தபோது போர் லாரிக்குப் போன பல பேர் திரும்பி வந்து விவசாயத்திலும் கட்டட வேலையிலும் இறங்கியிருந்தார்கள்.

பால்காரி தன் மகளைக் கீழே ராசிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தாள். மாட்டை விற்றுவிட்டு அவளும் மகளோடு போக முடிவு செய்தாள். போகிற அன்று பஸ்ஸுக்காக என் கடை முன்னால் மூட்டையோடு நின்றாள். வெயிலாக இருந்தது. "உள்ள வந்து உக்காரு" என்றேன். வந்து உட்கார்ந்தாள். டீ வைத்துக் கொடுத்தேன். டீயைக் குடித்து முடித்தாள்.

"அவரோட வேலை செஞ்ச அந்தாளுக சொன்னாங்கக்கா" என்றாள் பிறகு. "ஒரு நாளு ஆஸ்பத்திரி போனுலயே அடிச்சு அவரு காதுகிட்ட வச்சாங்களாம். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாராம். இந்தக் கடையில அடிக்குது, நானு கீழ இருந்து ஏறி வந்துக்கிட்டு இருக்கறன்னு நெனச்சிருப்பாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்து திரும்பி நின்றது. மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரேங்கக்கா" என்றாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.